கதவு வாற வரைக்கும்

ஓலைத்தொடுவாய்ப் பெற்றிசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதைச் சொன்னது அவளைப் பெற்ற தாய். மற்றவர்கள் சொன்னதை எழுதப்போனால் பொழுது காணாது. கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் சம்பளத்துக்குப் பந்தடிக்கிறவள் அவள். ஒரு பருவம் மாலைதீவிலும் ஆடிவிட்டு வந்தவள். போட்டிக்குப் போன ஓரிடத்தில் ஆண்களுக்கு ஹோட்டலும் பெண்களுக்குப் பள்ளிக்கூட வாங்குகளும் படுக்கக் கொடுத்தபோது, ரிவிக்காரர் நீட்டிய மைக்கில், "இண்டைக்கு ஒருநாள் அதிகாரிமார் வாங்கில படுக்கட்டும், நாங்கள் ஹோட்டலில படுத்துப் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டாள். அதற்காகப் தேசிய அணிப் பக்கம் அண்டவிடாமல் ஒரு வருடம் அவளை வெளியே வைத்தார்கள். வெளியே வைத்தால் வாய் குறைந்துவிடுமா என்ன? காயம்பட்ட பெட்டைக்கு மருந்து கேட்டாள், பிந்திய சம்பளத்தைக் கேட்டாள், இரவில் வீடு போக பஸ் கேட்டாள். சண்டைக்காரி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை அவள் நெஞ்சில் குத்திய பதக்கம் மாதிரி வைத்திருந்தாள்.

அந்த வாயைத்தான் மன்னார்ப் பெட்டைகள் நம்பினார்கள். பாவங்கள்.

சண்டை முடிந்து சனம் அகதிக் காம்புகளை விட்டுத் திரும்பி, கூரைத் தகடு, சீமெந்து, நீலத் தறப்பாள் என்று வாங்கிக் கொட்டில் போட்ட காலம் அது. மன்னாரில் கோயிலுக்குக் கூரை வரமுதல் கோல் கம்பம் வந்துவிடும். பெடியங்களுக்கு ஊருக்கு ஒரு கழகம் இருந்தது. பெட்டைகளுக்கு மாவட்டம் முழுக்க ஒரே ஒரு அணி. லீவில் வரும்போதெல்லாம் பெற்றிசியாதான் அவர்களைப் பழக்கினாள். தீவுக் கரையிலிருந்து மீன்பிடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். நறுவிலிக்குளத்திலிருந்து வயற்காரர் வீட்டு லக்சிகா வந்தாள், காற்றோடு ஓடுகிறவள். விடத்தல்தீவிலிருந்து கிருஷிகா வந்தாள். கோல்கீப்பர்.

கிருஷிகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தகப்பன் யோசேப் வள்ளத்தில் நின்றபடி மீனை எறிய, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏந்தி ஏந்தியே கை பழகியவள். வழுக்கும் மீனைப் பிடித்த கைக்குப் பந்து எந்த மூலைக்கு! ஆனால் கதைப்பதென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெற்றிசியா பத்து வசனம் பேசினால் அவள் "ஓம் அக்கா" என்பாள். பெற்றிசியா அவளைப் பற்றித் தன் கழகத்துப் பயிற்சியாளரிடம் வாய் ஓயாமல் சொல்லிவைத்திருந்தாள். அவர் ஒரு சிங்களப் பெண்மணி, எல்லாருக்கும் மிஸ். "மன்னாரில் நடக்கிற மாவட்டங்களுக்கிடையிலான போட்டியின் இறுதியாட்டத்துக்கு வருகிறேன். நீ சொல்வது உண்மையென்றால் அன்றைக்கே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன்" என்று மிஸ் சொல்லியிருந்தார். கழகத்தில் தங்குமிடம், சம்பளம், படிப்பு எல்லாம் உண்டு. விடத்தல்தீவில் தகரக் கொட்டிலுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அது சின்ன விஷயமா?

இதற்கிடையில்தான் கதவுப் பிரச்சினை.

மைதானத்தில் உடுப்பு மாற்ற இரண்டு அறைகள் இருந்தன. கதவும் பூட்டும் உள்ள அறை ஆண்களுக்கு. பெண்களுக்குப் பழைய களஞ்சிய அறை. சண்டைக் காலத்தில் யாரோ அதன் கதவை விறகுக்கோ பங்கருக்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு பேர் ஒரு தறப்பாளைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் அதன் பின்னால் அவசர அவசரமாக ஜேர்சி மாற்றுவார்கள். கச்சான் காற்று வீசுகிற நாளில் தறப்பாள் யார் சொல்லுக் கேட்கும்? அரையிறுதி அன்று காற்று அதைத் தூக்கியது. மதிலில் குந்தியிருந்த எவனோ ஒருவன் போனையும் தூக்கினான். இரண்டு நாளைக்குள் லக்சிகாவின் படம் மன்னார்ப் பட்டணம் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. நறுவிலிக்குளத்தில் அவளுடைய தாய் வசந்தமலர் அடுப்பே மூட்டாமல் படுத்துவிட்டாள்.

பெற்றிசியாவுக்குத் தலைக்கேறியது. போட்டிக் குழுச் செயலாளரிடம் போனாள். "வருஷ முடிவில பாப்பம், தங்கச்சி" என்றார் அவர். அவ்வளவுதான், நேரே வீட்டுக்கு வந்தாள், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தாய் வைத்திருந்த மடு மண் பொட்டலத்தை எடுத்தாள், பெட்டைகளை வேம்புக்குக் கீழே கூட்டினாள்.

மடு மாதா கோயில் மண் என்றால் இந்தப் பக்கத்தில் விளையாட்டில்லை. பாம்பு கடித்தாலும் அதுதான், கடலில் தத்தளித்தாலும் அதுதான். அதைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டு மீறினவன் உருப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பெற்றிசியாவுக்கும் இது தெரியும். தெரிந்துதானே எடுத்தாள்! சும்மா சொன்னால் நாளைக்கு இரண்டு பேர் கழன்றுவிடுவார்கள், மண்ணைத் தொட்டால் ஒருத்தியும் அசையமாட்டாள் என்று கணக்குப் போட்டாள். கட்டிப்போடக் கயிறு எடுக்கிற மாதிரித்தான் அவள் அந்த மண்ணை எடுத்தாள்.

"கதவு வாற வரைக்கும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளுக்குக் கால் வைக்கமாட்டம்." வசனத்தையும் அவளே கட்டினாள். நன்றாக இருக்கிறதென்று இரண்டாந்தரமும் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"நீ சைவக்காரியல்லோ, உனக்கு வேணுமெண்டால் திருக்கேதீஸ்வரத்துத் திருநீறு எடுப்பமோ?" என்று ஒருத்தி லக்சிகாவைப் பகிடி பண்ணினாள்.

"பாம்பு கடிச்சா எங்கட வீட்டிலயும் இந்த மண்தான். எனக்கும் மாதாவுக்கும் ஒரு சண்டையுமில்லை" என்றாள் லக்சிகா. பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிருஷிகா கடைசியாக வந்தாள். மண்ணை நெற்றியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெற்றிசியா அதைக் கவனித்தாள்; ஆனால் கருத்தில் எடுக்கவில்லை.

இறுதியாட்டத்து நாள் வந்தது. வவுனியா அணி வந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. மன்னார்ப் பெட்டைகள் வீட்டுச் சட்டைகளோடு, கோட்டுக்கு வெளியே, பைகளை மடியில் வைத்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சனம் விசில் அடித்தது. பிரதம விருந்தினருக்குப் போட்ட கதிரையில் பிரதம விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு கதிரை தள்ளி, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த மிஸ்.

செயலாளர் பெற்றிசியாவைக் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். அவள் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனாள். ஆனால் அவர் சண்டை பிடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தார்.

"தங்கச்சி, நீங்கள் கேக்கிறது நியாயம். ஆனா இப்ப கதவுக்கு நான் எங்க போறது? ஒரு மாசத்துக்குள்ள போட்டுத்தாறன், என்ர வாக்கு. இண்டைக்கு இறங்காட்டி மற்றப் பக்கத்துக்குக் கோப்பையைக் குடுக்கோணும். வாற வருஷம் உங்கட அணியைச் சேர்க்கவும் மாட்டினம். அந்தக் கொழும்பு மிஸ்ஸும் வெறுங்கையோட போகப்போறா. யோசியுங்கோ."

பெற்றிசியா யோசித்தாள். கிருஷிகாவின் வாழ்க்கையை நினைத்தாள், உண்மை. லக்சிகாவை நினைத்தாள், அதுவும் உண்மை. ஆனால் அவற்றுக்குக் கீழே இன்னொன்றும் கிடந்தது: நான் பழக்கிய அணியை மிஸ் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்னை இரண்டு வார்த்தை புகழ வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் வாய் சட்டென்று, "ஓம், சரி" என்றது. அப்போது வாய்க்குள் அரைவாசி ரோல்ஸ் இருந்தது. பிறகு எத்தனையோ நாள் அவளுக்கு நினைவில் வந்து குமட்டியது அந்த ரோல்ஸ்தான்.

வெளியே வந்து கையைத் தட்டினாள். "பிள்ளையள், கதவு ஒரு மாசத்தில வருதாம். வாக்குத் தந்திட்டார். வெண்டிட்டம்! கெதியா மாத்துங்கோ!"

பெட்டைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லக்சிகா எழும்பவில்லை.

"அக்கா, அப்ப சத்தியம்?"

"கதவுக்குத்தானே சத்தியம் பண்ணினனாங்கள்? கதவுதான் வருதே. எழும்படி, விசரி!"

எழும்பினார்கள். சண்டைக்காரி அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழும்பினார்கள். களஞ்சிய அறை வாசலில் மறுபடியும் அதே தறப்பாள். ஒரு முனையைக் கிருஷிகா பிடித்திருந்தாள். காற்று எவ்வளவோ இழுத்தும் விடாமல், கை இரண்டும் தலைக்கு மேலே, எல்லாரும் மாற்றி முடிக்கும் வரைக்கும் பிடித்தாள். பிறகு அதை மடித்து வைத்தாள். அவள் மட்டும் வீட்டுச் சட்டையோடே நின்றாள்.

"நீ ஏன் மாத்தேல்ல?" என்றாள் பெற்றிசியா.

"நான் இறங்கேல்ல அக்கா."

"என்ன விசர்க் கதை! மிஸ் உன்னைப் பாக்கத்தான் வந்திருக்கிறா!"

"தெரியும் அக்கா."

பெற்றிசியா கெஞ்சினாள், ஏசினாள், தோளைப் பிடித்து உலுப்பினாள். "பங்குச் சுவாமியாருக்கு இப்பவே போன் எடுக்கிறன். சத்தியத்தைத் தளர்த்தி விட அவருக்கு அதிகாரம் இருக்கு. பாவம் வந்தா என்ர தலையில வரட்டும்."

"சுவாமி சொன்னாப் பாவம் போகும் அக்கா. கதவு வருமோ?"

பெற்றிசியா கைக்கு எடுத்த போனை மறுபடி பைக்குள் வைத்தாள்.

கிருஷிகா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்ததைப் பெற்றிசியா அதற்கு முன் கேட்டதேயில்லை. "கடைசிச் சண்டைக்குள்ள அம்மா மடு மண்ணைச் சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சிருந்தவ. எல்லாரும் உயிரோட வெளியில வந்தா வெறுங்காலோட மடுவுக்கு நடக்கிறம் எண்டு நேர்ந்தவ. எல்லாரும் வந்திட்டம் அக்கா. ஒருத்தரும் குறையேல்ல. மாதா தன்ர பக்கத்தைச் செய்தவ. நான் எப்பிடி ஏமாத்துறது?"

பெற்றிசியா மன்னார்த் தீவிலேயே, அந்தச் சண்டை எட்டாத பக்கத்தில் இருந்தவள். கடைசிச் சண்டையை அவள் ரேடியோவில் கேட்டவள். அவளுடைய மண் சுரூபத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்த மண். அதைத்தான் கொண்டுவந்து இந்தப் பிள்ளையின் நெற்றியில் வைத்திருக்கிறாள்!

சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நின்ற யோசேப்பிடம் ஓடினாள். "யோசேப் அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ. அவளின்ர சீவியமே இதிலதான் இருக்கு."

யோசேப் மகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நான் சொன்னா இறங்குவாள், பிள்ளை. அதாலதான் நான் சொல்லேல்ல." அதைச் சொல்லிவிட்டுப் போய் மகளுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

பிரதம விருந்தினருக்குக் கைகொடுக்க அணியை அழைத்தார்கள். பழக்கினவள் என்று அணியின் முன்னால் பெற்றிசியா நடந்தாள். வெள்ளைக் கோட்டை முதலில் கடந்த கால் அவளுடையது. கடக்கும்போது அவள் குனிந்து பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

விளையாட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது! கிருஷிகாவுக்குப் பதிலாகக் கோலில் நின்ற சின்னப்பெட்டை காற்றோடு வந்த பந்துகளை எல்லாம் கும்பிட்டு வழியனுப்பிக்கொண்டிருந்தாள். லக்சிகா தனியாக ஓடி ஒரு கோல் போட்டாள்; அது போதவில்லை. தோற்றார்கள். கோட்டுக்கு வெளியே கிருஷிகா ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்தபடியே உடம்பைச் சரித்தாள், இடம், வலம், மேலே. மடியில் கிடந்த கையுறைகள் வெறுமனே துள்ளின. ஒரு கண் ஆட்டத்திலும் ஒரு கண் அவளிலுமாக இருந்த பெற்றிசியாவுக்கு, அவள் பிடித்திருக்கக்கூடிய பந்துகள் ஒவ்வொன்றும் தன் நெஞ்சில்தான் விழுந்தன.

ஆட்டம் முடிந்து மிஸ் வந்தார். லக்சிகாவின் தோளைத் தட்டி, "இவளை எடுக்கிறேன்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "நீ சொன்ன அந்தக் கோல்கீப்பர் எங்கே? ஏன் விளையாடவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மிஸ், நான் ஒரு சத்தியம் வாங்கினேன், பிறகு நானே அதை விற்றுவிட்டேன், அவள் மட்டும் விற்கவில்லை. இவ்வளவுதான். மிஸ்ஸும் நியாயம் தெரிந்த மனுசி. ஆனால் சண்டைக்காரி என்று தன்னை நினைத்திருக்கிற மிஸ்ஸுக்கு முன்னால் அந்த வசனத்தைச் சொல்லப் பெற்றிசியாவின் நாக்கு எழும்பவில்லை.

"எயாட்ட அசனீபயி, மிஸ்" என்றாள். அவளுக்குச் சுகமில்லை.

"அடடா, கோல்கீப்பருக்கு உடம்புதானே முக்கியம்" என்று சொல்லிவிட்டு மிஸ் பஸ்ஸுக்குப் போனார். கிருஷிகா சற்றுத் தள்ளித் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விடத்தல்தீவுப் பிள்ளைக்குச் சிங்களம் எங்கே தெரியும் என்று பெற்றிசியா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம் போனது. கதவு வரவில்லை. செயலாளர் போனை எடுக்கவில்லை. லக்சிகா கொழும்பில் முன்னுக்கு வந்தாள். கழகம் வேறொரு கோல்கீப்பரை எடுத்தது. கிருஷிகா நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாள், நாள் முழுக்க அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. பெற்றிசியா இரண்டு தரம் விடத்தல்தீவு வரைக்கும் போய், பாலத்தடியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தாள். கொழும்பில் கூட்டங்களில் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள். பெண் வீரர்களின் உரிமை என்று வாயெடுத்ததும் ரோல்ஸ் மணம் வரும். நான் ஒரு கள்ளி என்று மனம் சொல்லும். கை தட்டுவார்கள். அந்தத் தட்டு கன்னத்தில் விழுந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த வருடம் போட்டி வந்தபோது ஊர்களிலிருந்து ஒரு சின்னப்பெட்டையும் மைதானத்துக்கு வரவில்லை. "கிருஷிகாக்கா இறங்கேல்லத்தானே, நாங்களும் இறங்கமாட்டம்" என்றார்களாம். அவர்களை யாரும் கூட்டவில்லை, யாரும் மண் கொடுக்கவில்லை. தாய்மார் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். வசந்தமலர் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். பெண்கள் அணியே இல்லாத மாவட்டம் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் செயலாளருக்கு வேர்த்தது. அதற்கடுத்த வருடம் அறை புதிதாகப் பூசப்பட்டது, நல்ல முதிரை மரத்தில் கதவு வந்தது.

கூத்தைப் பாருங்கள், திறந்து வைக்க அழைத்தது பெற்றிசியாவை! சுவரில் கல்லும் பதித்திருந்தார்கள், அவளுடைய பெயரோடு. ரிபனுக்கு முன்னால் கத்தரிக்கோலுடன் நின்றபோது, கூட்டத்துக்குப் பின்னால் கிருஷிகாவைக் கண்டாள். மெலிந்திருந்தாள். நண்டு முள் குத்திய விரல்களில் பிளாஸ்ரர். தோளில் பழைய பை.

ரிபனை வெட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்துப் புகழத் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்குள் கிருஷிகா நேரே வந்து, கதவைத் தள்ளி உள்ளே போய், சாத்தினாள். உள்ளே கொண்டி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஜேர்சியும் கையுறையுமாக வெளியே வந்தாள். ஜேர்சி இப்போது தொளதொளவென்று கிடந்தது. வெள்ளைக் கோட்டடியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு காலை எடுத்து உள்ளே வைத்தாள். கோல் கம்பத்துக்கு ஓடினாள்.

பெற்றிசியா மைக்கையும் மாலையையும் விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள்.

"கிருஷிகா, இன்னும் காலம் போகேல்ல. மிஸ்ஸிட்ட நான் சொல்லுறன். உன்னை ஒருக்காப் பாக்கச் சொல்லிக் கேக்கிறன்."

கிருஷிகா கையுறையை இறுக்கினாள். "என்ன சொல்லுவியள் அக்கா? அசனீப இப்ப சுகமெண்டோ?"

"உனக்கு அது விளங்கினதோ?" என்றாள் பெற்றிசியா.

"காம்பில கிளினிக் வரிசையில நிண்டு நிண்டு படிச்ச சொல் அக்கா அது. நான் அங்க முதல் படிச்ச சிங்களமே அதுதான்." அவள் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பெற்றிசியா தாங்கியிருப்பாள். "எனக்குச் சுகமில்லையெண்டு சொன்னதுதான் அக்கா நொந்தது. விளையாடாதது நோகேல்ல."

பெற்றிசியா போனை எடுத்தாள். அந்தக் கோல் கம்பத்தடியிலேயே நின்று, கிருஷிகாவுக்குக் கேட்கும்படி, அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணைச் சொன்னாள், தேத்தண்ணியைச் சொன்னாள், பொய்யைச் சொன்னாள். "அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது மிஸ். சுகமில்லாதது எனக்குத்தான்" என்று முடித்தாள். மறுபக்கத்திலிருந்து இரண்டே இரண்டு வசனம். போன் வைக்கப்பட்டது.

"என்னவாம்?" என்றாள் கிருஷிகா.

"என்னோட இனிக் கதைக்க விருப்பமில்லையாம். உன்ர நம்பரைத் தரட்டாம்."

கிருஷிகா நண்டு குத்திய கையைக் கையுறைக்குள் விரித்து விரித்து மடக்கினாள்.

"அனுப்புங்கோ அக்கா" என்றாள். பிறகு முழங்காலை மடித்துக் குனிந்து நின்றாள். "அனுப்பிப்போட்டுப் பந்தை அடியுங்கோ. கை பழகோணும்."

பெற்றிசியா நம்பரை அனுப்பினாள். பந்தை வைத்து அடித்தாள். சம்பளத்துக்குப் பந்தடிக்கிறவளின் அடி, கம்பத்துக்கு வெளியே எங்கேயோ போனது. கிருஷிகா அசையவில்லை. பந்தை எடுத்துவரப் பெற்றிசியாதான் ஓடினாள்.